பேரிங் வண்டிக்குச் சாம்பியன் கிடையாது

1

1975 ஏப்ரல் மாதம். கலிஃபோர்னியாவில் டெல் மார் என்ற கடலோர ஊரின் பொருட்காட்சி மைதானத்தில் ஒரு ஸ்கேட்போர்டு போட்டி. பலகை செய்கிற பானே கம்பெனியும் சக்கரம் விற்கிற காடிலாக் கம்பெனியும் சேர்ந்து நடத்துகின்றன. எட்டொன்பது வருடம் படுத்துக் கிடந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்த விளையாட்டு. அதனால் நாடெங்கிலுமிருந்து பையன்கள் வந்து குவிந்திருந்தார்கள்.

ஆண்கள் ஃப்ரீஸ்டைலில் ரஸ் ஹவல் என்பவர் ஜெயித்தார். ஓடும் பலகையின் மேல் தலைகீழாக நிற்பது, ஒரே இடத்தில் பம்பரம்போல் சுழல்வது என்று ஜிம்னாஸ்டிக்ஸ் வாத்தியார் பார்த்தால் கைதட்டுகிற மாதிரியான ஆட்டம். நடுவர்களும் கைதட்டினார்கள். நியாயமான முதல் பரிசு.

அதே போட்டிக்கு சான்டா மோனிகா பக்கத்திலிருந்து நீலச் சட்டை போட்ட ஒரு கும்பல் வந்திருந்தது. பெயர் ஸெஃபர் அணி. அதில் ஜே ஆடம்ஸுக்குப் பதினான்கு வயது. டோனி ஆல்வாவுக்கும் ஸ்டேசி பெரால்டாவுக்கும் பதினேழு. தரையோடு தரையாகக் குந்தி, ஒரு கையை மேடையில் ஊன்றி, அந்தக் கையைச் சுற்றிப் பலகையை வீசித் திருப்பினார்கள். நடுவர்களுக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்களிடம் இருந்த தாளில் இதற்குக் கட்டமே இல்லை. ஜே ஆடம்ஸ் முதல் பரிசு வாங்கவில்லை. ஆல்வாவும் வாங்கவில்லை. பெரால்டாவும் வாங்கவில்லை.

இன்றைக்கு ஸ்கேட்போர்டு பற்றிக் கொஞ்சமாவது தெரிந்த ஒரு பையனிடம் கேட்டுப் பாருங்கள். ஆடம்ஸ், ஆல்வா, பெரால்டா மூன்று பெயரையும் சொல்வான். ரஸ் ஹவலைச் சொல்லமாட்டான்.

ஜெயித்தவரை மறந்துவிட்டுத் தோற்றவரை எப்படி ஒரு வரலாறு நினைவு வைத்துக்கொள்கிறது? ஸ்கேட்போர்டு போட்டிகளின் ஆரம்பகாலத்தைத் தேடித் தேடிப் படித்ததற்கு எனக்கு இந்தக் கேள்விதான் காரணம். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், எங்களிடமும் ஒரு சக்கர விளையாட்டு இருந்தது. அது எப்படிக் காணாமல்போனது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அதற்கு வருகிறேன்.

2

ஸ்கேட்போர்டை யார் கண்டுபிடித்தது என்றால் பதில் கிடையாது. அமெரிக்கத் தெருக்களில் பிள்ளைகள் ரோலர் ஸ்கேட்டை இரண்டாகப் பிரித்து ஒரு பலகையின் அடியில் ஆணியடித்தார்கள். மேலே ஒரு பழப்பெட்டியை நிறுத்தி அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்கள். ஒருநாள் பெட்டி பிய்ந்து விழுந்தது, பலகை மட்டும் மிஞ்சியது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. 1959 வாக்கில் ரோலர் டெர்பி என்ற கம்பெனி கடையில் வாங்குகிற மாதிரி செய்து விற்கத் தொடங்கியது.

இதைப் பிடித்துக்கொண்டவர்கள் கடலில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள். கடல் அமைதியாக இருக்கிற நாளில் அலைக்குப் பதில் நடைபாதை. அதனால் 1960-களின் ஸ்கேட்போர்டு ஆட்டம் முழுக்க அலைச்சறுக்கின் நிழல்தான். காலில் செருப்புகூடக் கிடையாது. அலைப்பலகையில் நிற்கிற அதே வெறுங்கால்.

லாரி ஸ்டீவன்சன் என்று ஒருவர். கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்தவர். 'சர்ஃப் கைடு' என்று ஒரு அலைச்சறுக்குப் பத்திரிகை நடத்தினார். ஸ்கேட்போர்டில் காசு இருக்கிறது என்று முதலில் மோப்பம் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். மகாஹா என்ற பெயரில் பலகை செய்தார், தன் பத்திரிகையிலேயே விளம்பரம் போட்டார். 1963-ல் ஹெர்மோசா பீச் என்ற ஊரில், பியர் அவென்யூ ஜூனியர் பள்ளிக்கூடத்தில் ஒரு போட்டிக்கு ஏற்பாடு செய்தார். ஸ்கேட்போர்டின் முதல் போட்டி என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வது இதைத்தான்.

விளையாட்டும் வியாபாரமும் தனித்தனியாகப் பிறந்து பின்னால் கைகோத்தன என்று நினைக்கிறோம். இங்கே அப்படியில்லை. பலகை விற்க விளம்பரம் வேண்டும். விளம்பரத்துக்குப் படம் வேண்டும். படத்துக்கு ஒரு வீரன் வேண்டும். வீரன் என்று நிரூபிக்க ஒரு போட்டி வேண்டும். மறு வருடமே ஹோபி ஆல்டர் என்ற புகழ்பெற்ற அலைப்பலகைக்காரர், வீட்டா-பாக்ட் என்ற பழச்சாறு கம்பெனியோடு சேர்ந்து பலகை செய்து ஒரு அணியையும் இறக்கினார். ஆமாம், பழச்சாறு கம்பெனி. பழப்பெட்டியில் தொடங்கிய விளையாட்டு பழச்சாற்றுக்காரர் கைக்கே வந்து சேர்ந்தது. 1964-லேயே 'ஸ்கேட்போர்டர்' என்று ஒரு காலாண்டு இதழும் வந்துவிட்டது. நடத்தியவர் ஜான் செவர்சன்.

1965 மே மாதம் அனஹைமில் லா பால்மா ஸ்டேடியத்தில் பெரிய போட்டி. ஏபிசி தொலைக்காட்சி அதை நாடு முழுக்கக் காட்டியது. அதே மாதம் 14-ஆம் தேதி 'லைஃப்' இதழின் அட்டையில் பாட் மெக்கீ என்ற பெண் வந்தார். ஓடும் பலகையில், வெறுங்காலோடு, தலைகீழாக நிற்கிறார். தேசியப் பட்டம் வாங்கிய முதல் ஸ்கேட்போர்டு வீராங்கனை. அட்டையில் அவர் படத்தோடு இருந்த வாசகம் இந்த மோகத்தையும் இதன் ஆபத்தையும் ஒரே மூச்சில் சொன்னது. கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டு பந்தல் சாயப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போகிற சித்தப்பா மாதிரி.

பந்தல் சாய்ந்தது. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே.

3

ஏன் சாய்ந்தது என்பதற்குப் பதில் சக்கரத்தில் இருக்கிறது.

முதலில் இரும்புச் சக்கரம். பிறகு களிமண் கலவையில் வார்த்த சக்கரம். ரோலர் ஸ்கேட்டிங் அரங்கின் வழவழப்பான மரத்தரைக்காகச் செய்யப்பட்டது அது. தெருவில் பிடிமானம் கிடையாது. வேகமாகத் திரும்பினால் வழுக்கும். ஒரு சின்னக் கல் மாட்டினால் சக்கரம் சட்டென்று நிற்கும், ஓட்டுகிறவன் நிற்கமாட்டான். கை உடைந்தது, மண்டை உடைந்தது. சில பிள்ளைகள் செத்தும் போனார்கள். ஊர் ஊராக நடைபாதையில் ஸ்கேட்போர்டுக்குத் தடை வந்தது. கடைக்காரர்கள் கொடுத்த ஆர்டரை ரத்து செய்தார்கள். 'ஸ்கேட்போர்டர்' இதழ் நாலே நாலு இதழோடு நின்றது. தொலைக்காட்சியில் வந்த விளையாட்டு ஏழெட்டு மாதத்தில் ஆளில்லாமல் போனது.

அந்தக் காலப் போட்டிகளின் ஆட்டமுறையும் இந்தச் சக்கரத்துக்குள் அடங்கியதுதான். ஒன்று ஸ்லாலம்: கூம்புகளை நட்டு வைத்து இடையில் வளைந்து வளைந்து ஓட்டுவது. கடிகாரம் தீர்ப்புச் சொல்லும், சண்டை இல்லை. இன்னொன்று ஃப்ரீஸ்டைல்: சமதளத்தில் வித்தை காட்டுவது. இதற்கு மனுசக் கண்தான் நடுவர். எங்கள் பக்கம் சிலம்பப் போட்டி பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். தொடுமுறையில் கம்பு பட்டதா இல்லையா என்று எண்ணிவிடலாம். தனித்திறமையில் ஒருவன் வரிசை எடுத்து வீசும்போது எதற்கு எத்தனை மதிப்பெண்? அங்கே நடுவர் தனக்குத் தெரிந்த அழகுக்குத்தான் மதிப்பெண் போடுவார். தெரியாத அழகுக்குப் போடமாட்டார். 1965-ன் நடுவர்களுக்குத் தெரிந்த அழகு ஜிம்னாஸ்டிக்ஸ், பனிச்சறுக்கு நடனம். ஆகவே கைதான் கீழே, கால்தான் மேலே.

சக்கரம் மாறியது 1970-களின் தொடக்கத்தில். வர்ஜீனியாவில் பர்செல்வில் என்ற சின்ன ஊரில் ஒரு பிளாஸ்டிக் பட்டறை ரோலர் ஸ்கேட்டுக்கு யூரித்தேன் சக்கரம் வார்த்துக்கொண்டிருந்தது. அதிவேகம் வேண்டும் என்கிறவர்களுக்கு அந்த மெத்துச் சக்கரம் பிடிக்கவில்லை. ஃப்ராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர் அதைத் தன் ஸ்கேட்போர்டில் மாட்டிப் பார்த்தார். தார்ரோட்டைக் கவ்விப் பிடித்தது. கல்லின் மேல் ஏறி இறங்கியது. சத்தம் குறைந்தது. 1973-ல் காடிலாக் என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கினார். டெல் மார் போட்டிக்குப் பணம் போட்ட அதே காடிலாக். 1975-ல் ரோட் ரைடர் என்ற சக்கரம் வந்தது. அதில் மூடிய பேரிங். அதற்கு முன்னால் சக்கரத்துக்குள் தனித்தனி குண்டுகள்தான், ஓடும்போதே உதிர்ந்து தெருவில் உருளும்.

பேரிங் என்றதும் எனக்குக் கையில் கிரீஸ் வாசம் வந்துவிடும்.

எங்க ஊர்ல பேரிங் வண்டி. தமிழ்நாடு முழுக்க, கேரளத்திலும்கூட, ஒரு தலைமுறைப் பையன்கள் இதைச் செய்திருப்பார்கள். லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங் மூன்று வேண்டும். அங்கே சக்கரத்துக்குள் பேரிங். இங்கே பேரிங்தான் சக்கரம். பூவரசங் கொம்பை வெட்டுகத்தியால் செதுக்கி, பேரிங்கின் ஓட்டைக்குள் அடித்து இறுக்கினால் அச்சு. பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. மேலே ஒரு பலகை. முன் கட்டையை ஒரு போல்ட்டில் கோத்தால் திரும்பும். அதில் ஒரு கயிறு கட்டினால் ஸ்டியரிங். வடசேரிப் பட்டறையில் போய் நின்றால் முதலில் வசவுதான் கிடைக்கும்.

"எதுக்குலே பேரிங்கு? வண்டி செய்யவா? கால ஒடிச்சிட்டு வந்து எங்கிட்ட நிக்கப்பிடாது, கேட்டியா?"

"இல்லண்ணே, மெதுவாத்தான் ஓட்டுவோம்."

நாஞ்சில் நாடு வயல்காடு, சமதளம். நல்ல இறக்கம் வேண்டுமென்றால் பார்வதிபுரம் தாண்டி மேற்கே, தக்கலைப் பக்கம் போகவேண்டும். அந்தப் பக்கத்துப் பையன்கள்மேல் எங்களுக்குப் பெரிய பொறாமை. அவனுகளுக்கு ரோடே ஏறி இறங்கும். எங்களுக்கு ஒருவன் தள்ளவேண்டும், ஒருவன் உட்காரவேண்டும். எவன் வண்டி தள்ளிவிட்ட பிறகு அதிக தூரம் போகிறது என்பதுதான் போட்டி. இரும்பு தாரில் உரசி எழுகிற அந்த இரைச்சல் கேட்டால் தெருவே கதவைத் திறந்து ஏசும். ராத்திரியில் தீப்பொறி தெறிக்கும்.

இதில் யோசிக்க ஒன்று இருக்கிறது. பழப்பெட்டி ஸ்கூட்டரும் பேரிங் வண்டியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டையும் செய்தது தூக்கிப்போட்ட பொருளைப் பொறுக்கிய பையன்கள். ஒன்று 1963-ல் போட்டியாகி, 2021-ல் ஒலிம்பிக்ஸ் போனது. மற்றொன்று தார்ரோட்டில் கொஞ்சம் கோடு கிழித்துவிட்டுப் போய்விட்டது. திறமையில் குறைச்சலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேரிங் வண்டிக்கு ஒரு லாரி ஸ்டீவன்சன் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியமாக, ஒரு கிரெய்க் ஸ்டெசிக் கிடைக்கவில்லை.

4

யார் இந்த ஸ்டெசிக்? அதற்கு மறுபடியும் டெல் மாருக்குப் போகவேண்டும்.

சான்டா மோனிகாவுக்கும் வெனிஸுக்கும் இடையில் ஒரு இற்றுப்போன கடற்கரைப் பகுதி. மூடிப்போன கேளிக்கைப் பூங்கா ஒன்றின் பாலம் கடலுக்குள் உடைந்து கிடந்தது. அந்தத் தூண்களுக்கு நடுவே அலையில் விளையாடுகிற முரட்டுப் பிள்ளைகள். டாக்டவுன் என்று அந்தப் பகுதிக்குப் பெயர். அங்கே ஜெஃப் ஹோ, ஸ்கிப் எங்ப்ளோம், கிரெய்க் ஸ்டெசிக் மூவரும் ஓர் அலைப்பலகைக் கடை நடத்தினார்கள். கடையின் பெயரில்தான் ஸெஃபர் அணி. உடைந்த குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் பலர். கடைதான் வீடு மாதிரி.

அவர்கள் விளையாடிய இடம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் மைதானம். மலைச்சரிவில் கட்டிய பள்ளிகள் என்பதால் மைதானத்தின் ஓரங்களில் தார் பூசிய சாய்சுவர்கள் இருந்தன. பார்க்க உறைந்துபோன அலை மாதிரியே இருக்கும். லாரி பெர்ட்டல்மன் என்ற ஹவாய் வீரர் அலையின் மேல் கையை வைத்துத் திரும்புவதைப் பார்த்து, அதையே தாரின்மேல் செய்து பழகினார்கள். யூரித்தேன் சக்கரம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. களிமண் சக்கரத்தில் இப்படிச் சாய்ந்தால் பல்தான் போகும்.

டெல் மாரில் அந்த அணிக்கு ஒரு முதல் பரிசு கிடைத்தது. பெண்கள் ஃப்ரீஸ்டைலில் பெகி ஓகி. அணியின் ஒரே பெண். அவர் ஜெயித்ததும் மற்றப் போட்டியாளர்கள் சிலர் ஆட்சேபம் எழுப்பினார்கள் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவர் ஆம்பளை மாதிரி ஓட்டுகிறாராம்! பையன்களுக்கு எந்தக் குனிந்த, முரட்டு ஆட்டத்துக்கு மதிப்பெண் வரவில்லையோ, அதே ஆட்டத்துக்கு ஒரு பெண்ணிடம் நடுவர்கள் மதிப்பெண் கொடுத்தார்கள். ஆனால் அவர் பெயரைவிட, பரிசு வாங்காத பையன்கள் பெயர்தான் பிறகு பெரிதானது. தோற்றவரை வரலாறு நினைவு வைக்கிறது என்று நான் சந்தோசப்படும்போதெல்லாம் பெகி ஓகி குறுக்கே வந்து நிற்பார்.

டெல் மார் முடிந்து சில மாதத்தில் ஸெஃபர் அணி சிதறிவிட்டது. வேறு கம்பெனிகள் நல்ல காசு கொடுத்துப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போயின. கடையையும் மூடினார்கள். இத்தோடு கதை முடிந்திருக்கவேண்டும். முடியவிடாமல் செய்தது 1975-ல் மறுபடி தொடங்கப்பட்ட 'ஸ்கேட்போர்டர்' இதழ். கிரெய்க் ஸ்டெசிக் அதில் டாக்டவுன் பற்றித் தொடர்ந்து எழுதினார், படமெடுத்தார். போட்டி முடிவுகள் அவர் அக்கறையில்லை. உடைந்த பாலம், சுவரில் கிறுக்கிய எழுத்து, வேலி ஏறிக் குதிப்பது, போலீஸ் வருவது, ஒரு பையன் வளைந்து திரும்பும் அந்த ஒரு கணம். அதைப் படித்துவிட்டு எங்கோ மத்திய அமெரிக்க மாநிலத்தில், கடலே பார்த்திராத ஒரு பையன் தன்னை டாக்டவுன்காரனாக நினைத்துக்கொண்டான்.

2001-ல் பெரால்டாவே 'டாக்டவுன் அண்ட் ஸீ-பாய்ஸ்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 2005-ல் அவர் எழுதி ஒரு கதைப்படமும் வந்தது. ரஸ் ஹவலிடம் கோப்பை இருந்தது. டாக்டவுனிடம் ஒரு எழுத்தாளர் இருந்தார்.

5

அடுத்த கட்டத்தை மழை தீர்மானித்தது. சரியாகச் சொன்னால், பெய்யாத மழை.

எங்கள் பக்கம் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வயலுக்கு இரண்டு போகம். மாசி, பங்குனியில் கும்பப்பூ அறுத்து முடித்தால் அடுத்த விதைப்பு வரை வயல் சும்மா கிடக்கும். நெல்லுத்தாள் குத்துகிற அந்தத் தரைதான் எங்கள் கிரிக்கெட் ஸ்டேடியம். குளம் வற்றினால் குளத்துக்குள்ளேயும் ஸ்டம்ப் ஊன்றுவோம். பெரியவர்களின் நஷ்டத்தில் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம். 1976-77-ல் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. தண்ணீருக்குக் கட்டுப்பாடு வந்ததும் பணக்கார வீடுகளின் நீச்சல்குளங்கள் காலியாகக் கிடந்தன. அடி வளைந்து மேலே செங்குத்தாக ஏறும் சிமெண்டுக் கிண்ணங்கள். டாக்டவுன் பையன்கள் வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துச் சுவர் ஏறிக் குதித்தார்கள். தேங்கிய தண்ணீரை இறைக்க மோட்டார்கூடக் கொண்டுபோனார்கள். ஓட்டிக்கொண்டே மேலேறி விளிம்பில் திரும்புவது, பிறகு விளிம்பையும் தாண்டி ஆகாயத்தில் எழுந்து மறுபடி கிண்ணத்துக்குள் இறங்குவது. 1977 வாக்கில் டோனி ஆல்வா இதைச் செய்த படங்கள் வந்தன. அத்தோடு ஸ்கேட்போர்டு நடைபாதையை விட்டுக் கிளம்பியது.

எந்தப் போட்டியும் இதைக் கேட்கவில்லை. எந்த நடுவரும் இதற்கு மதிப்பெண் வைத்திருக்கவில்லை. திருட்டுத்தனமாக, யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் பிறந்த ஆட்டம் இது. போட்டி பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவந்தது. 1976-லிருந்து ஃப்ளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் காசு கொடுத்து உள்ளே போகிற ஸ்கேட்பார்க்குகள் எழுந்தன. 1978-ல் ஹென்றி ஹெஸ்டர் அந்தப் பார்க்குகளின் கிண்ணங்களிலேயே தொடர் போட்டி நடத்தினார். அதே காலத்தில் ஃப்ளோரிடாவில் ஆலன் கெல்ஃபண்ட் என்ற பையன், கையால் பலகையைத் தொடாமலே அதோடு சேர்ந்து காற்றில் எழும்பும் வித்தையைக் கண்டுபிடித்தான். அவன் செல்லப்பெயர் ஆலி. வித்தைக்கும் அதே பெயர். ராட்னி மல்லன் என்று இன்னொரு ஃப்ளோரிடாப் பையன். பண்ணை வீட்டில் தனியாகப் பழகியவன். 1980-ல் பதினான்கு வயதில் ஃப்ரீஸ்டைலில் உலகப் பட்டம் வாங்கினான். அவன்தான் பிறகு ஆலியைச் சமதளத்துக்குக் கொண்டுவந்தான். இன்று தெருவில் படிக்கட்டு தாண்டுகிற ஒவ்வொரு பையனின் காலிலும் மல்லன் இருக்கிறார்.

அதற்குள் இரண்டாவது முறையாகப் பந்தல் சாய்ந்தது. இந்தத் தடவை காப்பீடு. அடிபட்டவர்கள் வழக்குப் போட, காப்பீட்டுத் தொகை எகிற, பார்க்குகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. 1978-ல் நார்வே நாடு ஸ்கேட்போர்டை ஒரேயடியாகத் தடைசெய்தது. தடை நீங்க 1989 ஆனது. அமெரிக்காவில் மிஞ்சிய பிள்ளைகள் கொல்லைப்புறத்தில் பலகையடித்து அரைவட்டச் சரிவு கட்டிக்கொண்டார்கள். 1981-ல் 'த்ராஷர்' இதழ் வந்தது. ஃப்ராங்க் ஹாக் என்ற ஓய்வுபெற்ற கடற்படைக்காரர், விளையாட மேடையில்லாத தன் மகனுக்காகவும் மற்றப் பையன்களுக்காகவும் போட்டிச் சங்கம் தொடங்கினார். மகன் பெயர் டோனி ஹாக். சங்கம் அப்பாவுடையது, பரிசு மகனுக்கா என்ற முணுமுணுப்பு இல்லாமலில்லை. ஆனால் மகன் அதற்கு ஆட்டத்தாலேயே பதில் சொன்னான்.

இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், மதிப்பெண் தாள் ஆட்டத்துக்கு ஒரு அடி பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறது. போட்டி எதையும் கண்டுபிடிக்கவில்லை. சக்கரம் கண்டுபிடித்தது, வறட்சி கண்டுபிடித்தது, தனியாக இருந்த பையன்கள் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் போட்டி எதற்கு? இரண்டு முறை சாய்ந்தும் இந்த விளையாட்டு எழுந்ததற்குப் போட்டி ஒரு காரணம். ஒரு நாள் குறித்து, ஓர் இடம் சொல்லி, வாங்கடா என்று கூப்பிட ஆள் இருந்ததால்தான் தனித்தனியாகக் கிடந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டெல் மாருக்குப் போகாவிட்டால் ஸெஃபர் பையன்கள் தங்கள் தெருவுக்குள்ளேயே கிடந்திருப்பார்கள்.

6

இந்தியாவுக்கு இதெல்லாம் இப்போதுதான் நடக்கிறது. நமக்கு இது 1963.

பெங்களூரில் ஹோலிஸ்டோக்ட் என்ற நண்பர் குழு 2013-ல் சொந்தக் கையால் சிமெண்டு குழைத்து ஒரு ஸ்கேட்பார்க் கட்டியது. அங்கே பழகிய அதிதா வர்கீஸ் 2015-ல் கேர்ள் ஸ்கேட் இந்தியா என்ற அமைப்பைத் தொடங்கினார். அதே வருடம் மத்தியப் பிரதேசத்தில் ஜன்வார் என்ற கிராமத்தில் ஜெர்மானியரான உல்ரிகே ரைன்ஹார்ட் ஒரு பார்க் கட்டினார். பள்ளிக்கூடம் போகாவிட்டால் பலகை கிடையாது, பெண் பிள்ளைகளுக்கே முதலிடம் என்பவை அங்கே விதி. அந்தக் கிராமத்து ஆஷா கோண்ட் 2018-ல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டிக்குப் போனார். 2022 குஜராத் தேசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்கேட்போர்டும் இருந்தது. பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வாங்கிய மகாராஷ்டிரத்தின் ஷ்ரத்தா கெய்க்வாடுக்கு அப்போது பதினாறு வயதுதான்.

தமிழ்நாட்டில் மாமல்லபுரம். மீனவக் குப்பத்துச் சிறுமி கமலி மூர்த்தி, கவுன் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு சரிவில் இறங்குகிறாள். அமெரிக்க வீரர் ஜேமி தாமஸ் எடுத்த அந்தப் படத்தை டோனி ஹாக் பகிர்ந்ததும் உலகம் பார்த்தது. 1965-ன் பாட் மெக்கீ அட்டைப்படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே வெறுங்கால்! அங்கே அலைச்சறுக்கின் பழக்கத்தால், இங்கே கடற்கரையில் வளர்ந்த பழக்கத்தால். சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' என்ற 24 நிமிடப் படம் கமலியையும் அவள் அம்மாவையும் பற்றியது. 2020-ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரை ஆனது. அந்தப் பிரிவில் விருது வாங்கியதும் ஸ்கேட்போர்டு படம்தான், காபூல் சிறுமிகளைப் பற்றியது. கமலி இன்று கடலில் இருக்கிறார், அலைச்சறுக்கில் தேசியப் போட்டிகளில் பதக்கம் வாங்குகிறார். கலிஃபோர்னியாக்காரர்கள் கடலிலிருந்து பலகையோடு கரையேறினார்கள். இவர் கரையிலிருந்து பலகையோடு கடலுக்குள் போனார்.

எனக்கு இதில் ஒரு சந்தோசமும் ஒரு உறுத்தலும் உண்டு. கமலியின் படத்தை எடுத்தவர் வெளிநாட்டுக்காரர், பகிர்ந்தவர் வெளிநாட்டுக்காரர், ஆவணப்படம் எடுத்தவர் வெளிநாட்டுக்காரர். அவர்கள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் நமக்கே தெரிந்திருக்காது. ஆனால் டாக்டவுனை எழுதியது டாக்டவுன்காரர். நம் பிள்ளைகளின் முதல் போட்டிகளை யார் எழுதுகிறார்கள்? தினசரியின் உள்ளூர்ப் பக்கத்தில் பதக்கத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஒரு படம், கீழே நாலு வரி. ஜெயித்தவர் பெயர் அதில் வரும். தோற்ற பெண் என்ன புதிதாகச் செய்து பார்த்து விழுந்தாள் என்பது வராது. டெல் மார் கதையின்படி நாளைக்கு முக்கியமாகப் போவது அதுதான்.

கோவளம் என்ற பெயரில் நம் கரைகளில் மூன்று ஊர்கள் உண்டு. சென்னைக்குத் தெற்கே இருக்கிற கோவளம் அலைச்சறுக்குக்காரர்கள் கூடும் இடம், பயிற்சிப் பள்ளியும் விழாவும் வந்துவிட்டன. கேரளக் கோவளத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு மட்டும் என்ற விதியோடு ஒரு சர்ஃப் கிளப்பும் ஸ்கேட் கிளப்பும் உண்டு. மூன்றாவது கோவளம் எங்கள் மாவட்டத்தில், கன்னியாகுமரிக்கு மேற்கே இருக்கிற மீனவர் ஊர். நான் போகும்போதெல்லாம் பார்ப்பது வள்ளமும் வலையும்தான். ஆனால் வள்ளம் அலையை முறித்துக் கரையேறும்போது கால் விரல்களால் மரத்தைக் கவ்விக்கொண்டு நிற்கிற பையனைப் பார்த்திருக்கிறேன். பாதத்தை எங்கே வைக்கவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலகை ஒருநாள் வந்துவிடும். இணையத்தில் இப்போது எல்லாம் கிடைக்கிறது.

பேரிங் வண்டியில் எங்களில் எவன் அதிக தூரம் போனான் என்பது இன்று எங்களுக்கே சண்டை. ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறோம், அவனவன் பெயரைத்தான். சாட்சிக்கு ஒரு படம் கிடையாது, ஒரு வரி கிடையாது. இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஒருவர் ஊரில் முதல் போட்டி நடக்கும்போது பக்கத்தில் நிற்பீர்கள். போனில் படம் எடுப்பீர்கள், அது போதாது. எந்தத் தேதி, எந்த மைதானம், தரை எப்படி இருந்தது, பலகை யாருடையது, எத்தனை பேர் ஒரே பலகையை மாற்றி மாற்றி ஓட்டினார்கள், யார் யார் விழுந்தார்கள் என்று அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். ஜெயித்தவர் பெயரை எப்படியும் யாராவது எழுதுவார்கள். கடைசியாக வந்த பிள்ளையின் பெயரில் தொடங்குங்கள்.